அன்றைக்கு எங்க அப்பாயி எந்த நாட்டு ஆள், டீச்சர்?

கேள்வி: சேர், நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். சுதந்திர இலங்கையின் முதல் பத்தாண்டுகள் பற்றிய பாடத்தைக் கொஞ்சம் பெருமையோடுதான் நடத்தினேன். சர்வசன வாக்குரிமை, இலவசக் கல்வி, மலேரியா ஒழிப்பு எல்லாம் சொல்லி முடித்தபோது, பின் வரிசையில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், எங்க அப்பாயிக்கு 48ல நாலு வயசாம். பெப்ரவரி 4 அன்னைக்கு அவங்க எந்த நாட்டு ஆளு?" என்று கேட்டான். வகுப்பே அமைதியாகிவிட்டது. "பிறகு சொல்றேன்" என்று சமாளித்தேன், இன்னும் சொல்லவில்லை. சக ஆசிரியர் ஒருவர், "பழசைக் கிளறாதீங்க, பரீட்சைக்கு வாறதை மட்டும் படிப்பிங்க" என்கிறார். சுதந்திர தின நிகழ்வில் என்னைப் பேசச் சொன்ன அதிபரும் "நல்லதை மட்டும் சொல்லுங்க" என்றுவிட்டார். நான் நல்லதைச் சொல்வதா, நடந்ததைச் சொல்வதா?
— பெயர் வேண்டாம், மலையகம்

அன்புள்ள டீச்சர்,

பையனின் கேள்வியை முதலில் எடுப்போம். உங்கள் கேள்வியைவிட அதுதான் கூர்மையாக இருக்கிறது. 1948 பெப்ரவரி 4 அன்று முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கா எந்த நாட்டு ஆளோ, அவனுடைய அப்பாயியும் அதே நாட்டு ஆள்தான். இதை இப்படியே அவனிடம் சொல்லுங்கள். அன்றைக்கு "இலங்கைப் பிரஜை" என்று சட்டத்தில் ஒரு வகையே கிடையாது. பிரதமர், கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து மலைக்குப் போனவர், அவர் முதுகில் கட்டியிருந்த பிள்ளை என்று எல்லோருமே பிரித்தானியப் பிரஜைகள். அந்த வகையை உண்டாக்கியது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அது நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு நவம்பர் 15. கொடி ஏற்றியதற்கும் அதற்கும் நடுவில் ஒன்பது மாதமும் பதினொரு நாளும். உங்கள் பாடத்தை அந்த ஒன்பது மாதத்துக்குள்ளேயே முடித்துவிட்டீர்கள் போலிருக்கிறது, பையன் பத்தாவது மாதத்தைக் கேட்கிறான்.

சட்டம் என்ன கேட்டது என்பதையும் விளக்குங்கள். நீ இலங்கையில் பிறந்தவளா என்று அது கேட்டிருந்தால் அந்த நாலு வயதுப் பிள்ளைக்குப் பிரச்சினையே இல்லை. உன் அப்பா இலங்கையில் பிறந்தாரா என்று கேட்டது. அப்பா பிறக்கவில்லை என்றால் அப்பாவின் அப்பாவும், அவருக்கும் அப்பாவும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அம்மா வழி கணக்கிலேயே இல்லை, அம்மா தோட்டத்து வரிசை வீடான அந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும் சரி. பிறந்தது உண்மை என்றால் மட்டும் போதாது, காகிதத்தில் காட்ட வேண்டும். இந்த நாட்டில் பிறப்பைப் பதிவது கட்டாயமாக வந்ததே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். நான் ஆசிரிய ஆலோசகராக இருந்த காலத்தில் ஒரு செயலமர்வில் சிங்கள ஆசிரியர்களும் தமிழ் ஆசிரியர்களுமாக முப்பது பேர் இருந்தார்கள், "உங்கள் அப்பாவின் அப்பாவுடைய பிறப்புச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்றேன், இரண்டு கை எழுந்தது, அதில் ஒன்று பாதியில் இறங்கிவிட்டது. மாத்தறைப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "அப்போ நானும் நாடற்றவன்தான்" என்றார். அவரிடம் யாரும் அந்தக் காகிதத்தைக் கேட்டதில்லை. லயத்தில் இருந்தவர்களிடம்தான் கேட்டார்கள்.

1946 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர், அதாவது நாட்டில் நூற்றுக்குப் பதினொன்று, பன்னிரண்டு பேர். அவர்களில் பெரும்பான்மையினரை அந்தச் சட்டம் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. அப்புறம் 1949இல் இன்னொரு சட்டம் வந்தது, இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். வெளியே நிற்கிறவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். கலியாணம் ஆனவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம், 1946 ஜனவரி 1க்கு முன்னால் தொடர்ச்சியாக இங்கே வதிந்ததாகக் காட்ட வேண்டும். அதே ஆண்டு தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜை இல்லாதவருக்கு வாக்கு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது, ஒன்றரை லட்சம் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை.

எண்ணிக்கையாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது. என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன், வேண்டுமென்றால் வகுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். என் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே லயத்தில், ஒரே காம்பிராவில் பிறந்தவர்கள். 51இல் இரண்டு பேரும் எழுதிப் போட்டார்கள், தோட்டத்து டிஸ்பென்சர் ஐயாதான் இருவருக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்தார். அப்பாவுக்குக் கிடைத்தது. பெரியப்பாவுக்கு இல்லை என்று கடிதம் வந்தது. 43இல் அவர் புதுக்கோட்டைப் பக்கம் பாட்டியின் கருமாதிக்குப் போயிருந்தார், போன இடத்தில் காய்ச்சலில் விழுந்து ஒரு வருடத்துக்கு மேல் திரும்ப முடியவில்லை. "தொடர்ச்சியான வதிவு" முறிந்துவிட்டதாம். அந்தக் கடிதம் எங்களிடம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த நாலு வரி, பெரியப்பாவின் பெயரில் ஓர் எழுத்து பிழை. அவரோ ஆங்கிலம் தெரியாத மனுஷன். கணக்கப்பிள்ளையிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டச் சொன்னாராம், கணக்கப்பிள்ளை படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கையில் கொடுத்தாராம். 72இல் பெரியப்பா குடும்பம் போனது. தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சிப் பெட்டி முழுக்க ஒப்பாரி. அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரியில் மறுபடியும் தேயிலை மலை. இங்கே அவரைக் கள்ளத்தோணி என்றார்கள், அங்கே போனால் சிலோன்காரன் என்றார்கள். அந்த வழியில் போனவர்களின் கணக்கு இரு நாட்டுப் பிரதமர்கள் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இருக்கிறது: 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டு, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். போனவர்களில் யாரையும் கேட்டுச் செய்த ஒப்பந்தம் இல்லை அது.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு நீங்கள் நடத்திய பெருமைப் பாடத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அதுவும் உண்மைதான், நான் அதில் சாப்பிட்டு வளர்ந்தவன். 1931இல் இந்தத் தீவில் 21 வயது வந்த பெண்ணும் ஆணும் சொத்து, படிப்பு பார்க்காமல் வாக்களித்தார்கள். பிரான்சில் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945இல். (தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் அப்போதே ஐந்து வருட வதிவு, நிரந்தரக் குடியிருப்பு என்று நிபந்தனை வைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.) 1934–35 மலேரியாவில் சுமார் 80 ஆயிரம் பேர் செத்த நாடு இது. 46இல் டி.டி.டி. தெளிக்கத் தொடங்கினார்கள், ஆயிரம் பேருக்கு இருபதாக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஒரே வருடத்தில் பதினாலுக்கு இறங்கியது. 1952இல் அரிசி தட்டுப்பாடு, கையில் டொலர் இல்லை, அமெரிக்கா முறைக்கிறது, அப்படியிருந்தும் சீனாவோடு றப்பருக்கு அரிசி என்று ஒப்பந்தம் போட்டார்கள். சுதந்திரம் கிடைத்து ஐந்து வருடம்கூட முழுசாக ஆகாத குட்டி நாடு அது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் ஒரு மிடுக்கு வரும், அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

இலவசக் கல்வியில் மட்டும் கொஞ்சம் நின்று போங்கள், உங்கள் பாடசாலைச் சுவரே அந்தக் கதையைச் சொல்லும். அன்றைய கல்வி மந்திரி சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தது, பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை காசில்லை. நான் பேராதனையில் படித்ததற்கு என் அப்பா ஒரு சதம் கட்டணம் கட்டவில்லை. ஆனால் நான் பேராதனைக்குப் போனது எப்படி? தோட்டப் பாடசாலை அந்தத் திட்டத்துக்குள் வரவே இல்லை. அது தொரைமாரின் பொறுப்பில் கிடந்தது, ஒரே அறை, ஒரே மாஸ்டர், ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க அப்பா என்னைக் காலையில் நாலு மைல் நடத்தி டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அவரிடம் பிரஜாவுரிமைக் காகிதம் இருந்ததால்தான் பின்னால் எனக்கு அரசாங்க உத்தியோகமும் கிடைத்தது. பெரியப்பா மகன் என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரன், அவன் பதினாலு வயதில் தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பேர் பதிந்து மலைக்குப் போனான். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 70களில்தான். ஆக, இலவசக் கல்வியை ஒரு பக்கத்திலும் தோட்டத்தாருக்கு நடந்ததை எதிர்ப் பக்கத்திலும் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்க்க முடியாது, இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. அந்தக் கல்விக்கும் ஆஸ்பத்திரிக்கும் மானிய அரிசிக்கும் காசு எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அன்றைய ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு தேயிலை, றப்பர், தென்னை. முன்னால் நிற்பது தேயிலை. கொழுந்து பறித்தவள் கட்டிய பள்ளிக்கூடம் என்றே சொல்லலாம், அவள் பிள்ளைக்குத்தான் உள்ளே இடமில்லை.

இப்போது கவனமாக இருக்க வேண்டிய இடம். "சிங்களவர் செய்தார்கள்" என்று பாடம் முடிந்தால் நீங்கள் தோற்றீர்கள். 48இல் அந்த மசோதாவை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் பேசியவர்களில் இடதுசாரித் தலைவர்களான என்.எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் பீட்டர் கெனமனும் இருந்தார்கள். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் முதல் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார், பிறகு மந்திரியாகி இரண்டாவது சட்டத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினார். அதனால் அவர் கட்சியில் இருந்த செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மலையகத்தில் நம்முடைய தலைவர்களும் சும்மா இல்லை, விண்ணப்பத்தைப் புறக்கணியுங்கள் என்று சொல்லி நல்ல காலத்தை வீணாக்கிவிட்டு, கெடு நெருங்கும்போது எழுதிப் போடச் சொன்னார்கள். இன்னொரு வேடிக்கை, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது அந்த அரசாங்கத்தில் நிதி மந்திரி என்.எம். பெரேராதான். பிள்ளைகள் "அப்ப அவர் நல்லவரா கெட்டவரா சேர்?" என்று கேட்பார்கள், என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் தேதியைத் திருப்பிக் கேட்பேன்: எந்த வருடத்து என்.எம்.?

டி.எஸ்.ஸை அரக்கனாக்கினால் பாடம் சுலபமாகிவிடும், அதைச் செய்யாதீர்கள். பாழடைந்த குளங்களைத் திருத்தி, மின்னேரியாவில் காணியில்லாத விவசாயிகளைக் குடியேற்றி, கல்லோயாவைத் தொடங்கிய மனிதர் அவர். அவருக்குப் பின்னால் ஓர் உண்மையான காயமும் இருந்தது. கண்டிச் சிங்களக் கிராமத்தவர் 1840 காணிச் சட்டத்தில் தங்கள் மேட்டு நிலத்தைக் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் பறிகொடுத்தவர்கள். நிலத்தை எடுத்தவன் லண்டனில் கம்பனி வைத்திருந்தான், பில் வந்தது லயத்துக்கு. கூடவே தேர்தல் கணக்கு. 47இல் மலையகத்தில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஆறேழு பேர் பாராளுமன்றம் போனார்கள், வேறு சில இடங்களில் தோட்ட வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்தது. 1952 தேர்தலில் அந்த ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர்களில் ஒருவராக 47இல் வென்ற தொண்டமான் மறுபடி நுவரெலியாவில் வாக்கு வாங்கி வென்றது 1977இல், முப்பது வருடம் கழித்து.

அரசியலமைப்பில் பாதுகாப்பு இல்லையா என்று கெட்டிக்காரப் பிள்ளை யாராவது கேட்கும். இருந்தது. சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு, ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் போடக்கூடாது என்றது. கோடாக்கன் பிள்ளை வழக்கில் அதைப் பிடித்துக்கொண்டு அன்றைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான லண்டன் கோமறைக் கழகம் வரைக்கும் போனார்கள், 1953இல் தீர்ப்பு வந்தது: தன் பிரஜை யார் என்று தீர்மானிப்பது பாராளுமன்றத்தின் உரிமை, சட்டம் செல்லும்.

1951ஐ மட்டும் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் நம் நிதி மந்திரி ஜே.ஆர். ஜயவர்தன எழுந்து, வெறுப்பு வெறுப்பால் தணியாது, அன்பால்தான் தணியும் என்று புத்தரின் வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் நட்டஈடு வேண்டாம் என்றார். ஜப்பான் இன்றைக்கும் அதை நன்றியோடு நினைக்கிறது, உண்மையிலேயே பெரிய பேச்சு. அதற்கு முந்தைய மாதம், ஆகஸ்டில்தான், பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் கெடு முடிந்தது. டிஸ்பென்சர் ஐயா கடைசி வாரத்தில் இராவெல்லாம் லாம்பு வெளிச்சத்தில் படிவம் நிரப்பினதாக அப்பா சொல்வார். இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு நீங்கள் ஒன்றும் பேசாமல் நில்லுங்கள். பிள்ளைகள் பேசும்.

உங்கள் சக ஆசிரியருக்கு என்ன சொல்வது? அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பயமாக இருக்கும். ஆனால் "பழசு" என்கிறாரே, எவ்வளவு பழசு? நாடற்றவர் என்ற நிலையை முடிக்க 1988இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது, மிஞ்சியிருந்தவர்களுக்காக 2003இல் இன்னொன்று. உங்கள் மாணவர்களின் அப்பா அம்மா அப்போது வளர்ந்த ஆட்கள். அவர்களில் சிலர் அடையாள அட்டைக்காகக் கிராம சேவகர் வாசலில் நின்றிருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

அதிபரோடு சண்டைக்குப் போகாதீர்கள். "நல்லதை மட்டும்" என்றாரா, சரி என்றுவிட்டு, நல்லதையே முழுசாகச் சொல்லுங்கள். ஐந்து நிமிடப் பேச்சுக்கு என்னுடைய யோசனை இப்படி: "1948 பெப்ரவரி 4 அன்று இந்த மலையில் இருந்த எல்லோரும் நாட்டில் உள்ள மற்றவர்களுக்குச் சமமாக அந்த நாளுக்குள் நுழைந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அது எடுக்கப்பட்டது. அதைத் திரும்பப் பெற 55 ஆண்டுகள் ஆயின. அந்த 55 ஆண்டும் இந்த மலையில் கொழுந்து எடுத்தவர்களின் உழைப்பில்தான் நாடு பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டியது." இதில் எந்த வாக்கியத்தை அதிபர் வெட்டுவார்? இரண்டாவதை வெட்டச் சொன்னால் மூன்றாவது அந்தரத்தில் நிற்கும் என்று பணிவாகக் காட்டுங்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் "ஸ்ரீ லங்கா தாயே" பாடட்டும், பால்சோறு சாப்பிடட்டும், அதில் ஒரு குறையும் இல்லை.

வகுப்பில் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். வீட்டிலிருந்து பழைய காகிதங்களைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். ஒரு வருடம் நான் அந்தப் பிழையைச் செய்தேன். ஒரு பிள்ளை தாத்தாவின் "நாடற்றவர்" என்று எழுதிய காகிதத்தைக் கொண்டுவந்து, பக்கத்துப் பிள்ளைகள் பார்த்துவிடாமல் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தபடி பாடம் முடியும்வரை உட்கார்ந்திருந்தது. காகிதம் இல்லாத வீடு, காகிதத்தைப் பற்றிப் பேசவே பிடிக்காத வீடு, போனவர்களிடமிருந்து கடிதம் நின்றுபோன வீடு என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். விருப்பமுள்ளவர்கள் கேட்டுவந்து வாயால் சொல்லட்டும், அது போதும்.

அந்தப் பையனை மட்டும் தனியாகக் கூப்பிடுங்கள், சுதந்திர தினம் வரைக்கும் காக்க வைக்காதீர்கள். "பிறகு சொல்றேன்" என்றதற்கு முதலில் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு, மேலே சொன்ன பதிலைச் சொல்லுங்கள். அப்பாயி நடமாட்டமாக இருந்தால், அவருக்கு முதன்முதலாக வாக்குச் சீட்டு வந்தது எந்த வருடம், அப்போது அவருக்கு என்ன வயது என்று கேட்டுவரச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்வதாக இருந்தால் அப்பாயியிடம் கேட்டுவிட்டுச் செய்யட்டும். என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.